நாற்பது பௌல், ஒரே ஒரு சாம்பியன்: இந்தக் கணக்கு யாருக்காவது புரிகிறதா?

கல்மண்டபத்தான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ராயபுரம் கல்மண்டபத்தில் வசிக்கிறேன். ஓர் அமெரிக்க நிறுவனத்துக்குக் கணக்குப் பார்க்கும் இரவுப் பணி எனக்கு. ஒஹாயோவில் இருக்கும் என் மேலாளர் பதினோரு மாதம் ரசீதுகளையும் பட்டியல்களையும் தவிர வேறெதுவும் பேசாத மனிதர். டிசம்பர் பிறந்துவிட்டால் மட்டும், வேலையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பாகவே "எந்த பௌல் பார்க்கிறாய்?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார். முதல் ஆண்டு அவர் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, இரவுக்கு எடுத்து வந்த எலுமிச்சைச் சாதத்தைப் பற்றிச் சொன்னேன். அவரும் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டு, அது அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபுட்பால் பருவம் முடிந்தபின் நடக்கும் ஆட்டம் என்று விளக்கினார்.

அன்றிலிருந்து ஓய்வு நேரத்தில் படித்துப் பார்க்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. எங்கள் தெருப் போட்டியில்கூட எட்டு அணி வந்தால் நாலாகும், நாலு இரண்டாகும், கடைசியில் ஓர் அணி கோப்பையைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி வரும். இங்கேயோ டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை நாற்பதுக்கும் மேற்பட்ட பௌல் நடக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒருவர் ஜெயித்து, கோப்பை வாங்கி, காகிதத் துணுக்குகள் பறக்க, கண்ணீர் விட்டு அழுகிறார். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் எதற்கும் சாம்பியன் இல்லை. பன்னிரண்டு ஆட்டத்தில் ஆறு தோற்ற அணிக்கும் அழைப்பு போகிறது. ஓர் ஆட்டத்தில் ஜெயித்த பயிற்சியாளரை நாற்காலியில் உட்கார வைத்துத் தலையில் ஒரு வாளி மயோனைஸைக் கவிழ்த்தார்கள். அது தண்டனையா மரியாதையா என்றுகூட எனக்கு விளங்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ள வழி உண்டா, உண்டென்றால் தூக்கம் கெட்டுப் பார்க்கத் தகுந்தவை எவை என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால், இந்த டிசம்பரில் மேலாளர் முன் தலைநிமிர்ந்து நிற்பேன்.

தண்டையார்பேட்டை அக்கா எழுதுகிறார்:

தம்பி, நீங்கள் இதைப் போட்டி என்று நினைத்துக் கணக்குப் போடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். இது மார்கழிக் கச்சேரி சீசன்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். டிசம்பரில் மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பக்கம் எத்தனை சபா, எத்தனை மேடை என்று உங்களுக்குத் தெரியும். அத்தனை கச்சேரியும் முடிந்தபிறகு யாராவது "இந்த ஆண்டு யார் ஜெயித்தார்கள்?" என்று கேட்கிறார்களா? பகல் கச்சேரியை இலவசமாகக் கேட்கலாம், மாலைக் கச்சேரிக்குச் சீட்டு வாங்க வேண்டும், பாடுபவருக்குப் பின்னால் வங்கியின் பெயரோ அப்பளத்தின் பெயரோ எழுதிய பதாகை தொங்கும், வந்தவர்களில் பாதிப் பேர் கேன்டீனில் இருப்பார்கள். பௌல் ஆட்டங்கள் எனக்கு விளங்கியது இந்தக் கண்ணாடி வழியாகத்தான். என் மகன் வடக்கு கரோலினாவில் சார்லட் நகரத்தில் இருக்கிறான். நான் தபால் துறையில் இரவில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், ஆகவே விடியற்காலை மூன்று மணிக்கு விழித்திருப்பது எனக்குப் புதிதல்ல. அவனோடு தொலைபேசியில் பேச "சாப்பிட்டாயா" என்பதைத் தாண்டி ஒரு பொருள் வேண்டும் என்பதற்காகப் பார்க்க ஆரம்பித்தேன், இப்போது அவனைவிட நான்தான் அதிகம் பார்க்கிறேன்.

முதலில் பெயர். பௌல் என்பது பரிசுக் கிண்ணம் அல்ல, மைதானத்தின் உருவம். 1914இல் யேல் பல்கலைக்கழகம் கிண்ணம் போல வட்டமாகக் குழித்து ஒரு மைதானம் கட்டியது. அந்த அமைப்பைப் பார்த்துக் கலிஃபோர்னியாவில் பசடேனா நகரத்தார் 1922இல் கட்டியதற்கு ரோஸ் பௌல் என்று பெயர் வைக்க, அந்தப் பெயர் மைதானத்தை விட்டு அங்கே நடந்த ஆட்டத்தின்மேல் ஏறிக்கொண்டது. பிறகு மற்ற ஊர்க்காரர்களும் ஆரஞ்சு, சர்க்கரை, பருத்தி என்று தங்கள் ஊரில் விளைவதையும் விற்பதையும் முன்னால் சேர்த்துக்கொண்டார்கள். ஃப்ரெஸ்னோ நகரில் 1940களில் உலர்திராட்சை பௌல்கூட நடந்தது. இண்டியானா மாநிலத்து எவன்ஸ்வில்லில் 1948 முதல் 1956 வரை ரெஃப்ரிஜிரேட்டர் பௌல் நடந்தது என்று சொன்னால் என் மருமகள் இன்னும் நம்ப மறுக்கிறாள்.

பசடேனாவில் இந்த ஆட்டம் முதன்முதலில் நடந்தது 1902 புத்தாண்டு அன்று, அவர்களுடைய ரோஜா ஊர்வலத்துக்குக் கூட்டம் சேர்க்க. மிஷிகன் 49, ஸ்டான்ஃபோர்டு 0. நேரம் முடிவதற்குள்ளேயே ஸ்டான்ஃபோர்டுக்காரர்கள் போதும் என்று கும்பிடு போட்டுவிட்டார்கள். விழாக்காரர்களுக்கு அதில் அப்படி ஒரு வெறுப்பு. அடுத்து வந்த ஆண்டுகளில் ஃபுட்பாலைத் தூக்கிவிட்டு ரோமாபுரி பாணியில் குதிரை ரதப் பந்தயம் நடத்தினார்கள். 1916இல்தான் மறுபடியும் பந்து வந்தது. ஆக, இந்த மரபு தொடங்கியதே ஊர்த் திருவிழாவுக்குக் கூட்டம் சேர்க்கத்தான். சாம்பியனைக் கண்டுபிடிப்பது அதன் வேலையாக இருந்ததே இல்லை. அந்த வேலையை வெகுகாலம் பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்குப் போட்டுச் செய்தார்கள். 1997ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒரு வாக்கெடுப்பு மிஷிகனையும் மற்றொன்று நெப்ராஸ்காவையும் முதலிடத்தில் வைக்க, இரண்டு அணியும் சாம்பியன் என்று வீட்டுக்குப் போயின. 2014 முதல் நான்கு அணிகள், 2024 முதல் பன்னிரண்டு அணிகள் என்று முறையான நாக்-அவுட் வந்துவிட்டது. ரோஸ், சுகர், ஆரஞ்சு, காட்டன், ஃபியஸ்டா, பீச் ஆகிய ஆறும் அதன் காலிறுதிக்கும் அரையிறுதிக்கும் போய்விட்டன. மிச்சமிருக்கும் ஏறத்தாழ முப்பத்தைந்தும் இன்னமும் கச்சேரிதான்.

ஆறு வெற்றிக் கணக்கைக் கேட்டீர்கள். பன்னிரண்டுக்கு ஆறு என்பது ஐம்பது சதவீதம். நம் ஊரில் முப்பத்தைந்துக்கே பாஸ் போடுகிறோம், அவர்கள் கறார்தான். உண்மையான வேடிக்கை அதற்குக் கீழே இருக்கிறது. முதல் பிரிவில் இருப்பதே நூற்று முப்பதுக்குச் சற்று மேற்பட்ட அணிகள், அவற்றில் எண்பதுக்கும் மேல் பௌலுக்கு வேண்டும். ஆறு வென்றவர்கள் போதவில்லை என்றால், ஐந்து வென்று ஏழு தோற்றவர்களில் யாருடைய வீரர்கள் ஒழுங்காகப் படித்து முன்னேறுகிறார்கள் என்று பார்த்து அழைக்கிறார்கள். விளையாட்டில் தோற்றவனைப் படிப்புக்காக விளையாடக் கூப்பிடும் வேறொரு போட்டி எனக்குத் தெரியாது. 2015 பருவத்தில் நெப்ராஸ்கா, மின்னசோட்டா, சான் ஹோசே ஸ்டேட் ஆகிய மூன்றும் இப்படித்தான் கொல்லைப்புறமாக வந்தன. வந்த மூன்றும் ஜெயித்தன.

இனி மயோனைஸ். அது மரியாதைதான் தம்பி. புதுப்படம் வெளியாகும் அன்று கட்அவுட் மேல் ஏறிப் பாலாபிஷேகம் செய்கிற ஊரில் பிறந்துவிட்டு நீங்கள் அதைத் தண்டனையோ என்று கேட்கலாமா? சார்லட் நகரத்தில் நடக்கும் அந்த ஆட்டத்தின் பெயரே டியூக்ஸ் மயோ பௌல். 2021 டிசம்பரில் தெற்கு கரோலினா வென்றபோது அதன் பயிற்சியாளருக்கு அபிஷேகம் நடந்தது முதல், யார் ஜெயிப்பார் என்பதைவிட எப்போது ஊற்றுவார்கள் என்பதைப் பார்க்கத்தான் மக்கள் காத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வென்ற விஸ்கான்சின் வீரர்கள் உடைமாற்றும் அறையில் ஆடிய ஆட்டத்தில், கோப்பையின் உச்சியிலிருந்த படிகக் கண்ணாடிப் பந்து கீழே விழுந்து சுக்குநூறானது தனிக் கதை. நம் ஊரில் அப்போது இந்த பௌலை நடத்தியிருக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. ஊற்றுகிறவரை உணவுப் பாதுகாப்புத் துறை அழைத்துப் போயிருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது ஆர்லாண்டோவில் நடக்கும் பாப்-டார்ட்ஸ் பௌல். பாப்-டார்ட் என்பது உள்ளே இனிப்புப் பழக்கூழ் வைத்த தட்டையான பலகாரம். டோஸ்டரில் சூடாக்கித் தின்பார்கள். 2023 டிசம்பரில், கன்சாஸ் ஸ்டேட் 28-19 என்று வென்ற ஆட்டத்துக்குப் பின், அந்தப் பலகார வேடம் போட்ட ஆள் பெரிய டோஸ்டரின் மேல் நின்று, கனவு நிஜமாகிறது என்று எழுதிய அட்டையைக் காட்டிக்கொண்டே மெல்ல உள்ளே இறங்கினார். கீழிருந்து ஆள் உயரத்துக்கு வெந்த பலகாரம் வெளியே வந்தது, வென்ற அணி அதைப் பிய்த்துத் தின்றது. அம்மன் கோவிலில் கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது சிலிர்த்துத் தலையாட்டும்வரை காத்திருப்பார்களே, அங்கே தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை. கிடாவே ஆடிக்கொண்டு வந்து சம்மதம் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டுக் கோப்பையில் உண்மையாகவே வேலை செய்யும் டோஸ்டரைப் பொருத்தியிருந்தார்கள்.

வியாசை பயிற்சியாளர் எழுதுகிறார்:

அக்காவின் எழுத்துக்கு என் வணக்கம். ஆனால் வியாசர்பாடியில் காலையிலும் மாலையிலும் பிள்ளைகளுக்குப் பந்து கற்றுக்கொடுக்கிறவன் என்ற முறையில், இதை ஃபுட்பால் என்று அழைப்பதற்கு என் ஆட்சேபத்தைப் பதிவு செய்கிறேன். பந்து உருண்டையாக இல்லை, உரித்த தேங்காய் போல இருக்கிறது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நான் பார்த்த அரை மணி நேரத்தில், இனி நம்மால் ஆகாது என்று கைவிடும்போதுதான் காலால் உதைத்தார்கள். எங்கள் பகுதியில் இப்படி ஒருவன் பந்தைக் கையால் தூக்கினால் விசில் ஊதுவதற்கு முன் நாலு பேர் கையை உயர்த்திவிடுவார்கள்.

தெருப் போட்டியைப் பற்றி எழுதிய தம்பிக்கு ஒன்று. நம் கோப்பைகளும் ஒன்றும் யோக்கியம் அல்ல. வாங்குகிற பையனைவிடக் கோப்பை உயரமாக இருக்கிறது. பதாகையில் ஆடுகிறவர்களின் படத்தைவிட ஆதரவளித்தவர்களின் படங்கள் பெரிதாக இருக்கின்றன. மயோனைஸைப் பார்த்துச் சிரிக்க நமக்குப் பெரிய உரிமை கிடையாது.

தண்டையார்பேட்டை அக்கா எழுதுகிறார்:

அண்ணன் சொல்வது நியாயம். அதைச் சடுகுடு என்று வைத்துக்கொள்ளுங்கள், கோபம் தணியும். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் இன்னும் நாலு கிடைக்கும், எதிராளிகள் மேலே விழுந்து அமுக்குவார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும், நான் இதை வைத்துக்கொண்டுதான் பல ஆண்டு ஓட்டுகிறேன்.

மணலி கணக்கர் எழுதுகிறார்:

சிரிப்பெல்லாம் சரி, கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம். இந்த பௌல்களில் ஒரு டஜனுக்கும் மேல் இஎஸ்பிஎன் தொலைக்காட்சியின் சொந்தச் சொத்து. டிசம்பர் மாத வார நாட்களில் ஒளிபரப்ப ஏதாவது வேண்டும், அதனால் ஆட்டம் நடக்கிறது. ஆட்டம் நடப்பதனால் ஒளிபரப்புகிறார்கள் என்று எண்ண வேண்டாம். பெயர்கள் எப்படி மாறுகின்றன என்று பாருங்கள். ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில், நீலநிறப் புல்தரையில் நடக்கும் ஆட்டம் 1997இல் மனிதநேய பௌல் என்ற பெயரில் தொடங்கியது. 2011 முதல் அது ஐடஹோ உருளைக்கிழங்கு பௌல். மனிதநேயத்துக்கு விளம்பரதாரர் நிலைக்கவில்லை, கிழங்குக்கு நிலைத்தார். லூசியானாவின் இன்டிபென்டன்ஸ் பௌல் 1990களில் பல ஆண்டுகள் களைவெட்டும் கருவி விற்ற நிறுவனத்தின் பெயரைச் சுமந்தது.

ஆடப் போகிறவர்கள் லாபத்தோடு திரும்புகிறார்கள் என்றும் நினைக்காதீர்கள். 2011 புத்தாண்டு அன்று ஃபியஸ்டா பௌலுக்குப் போன கனெக்டிகட் பல்கலைக்கழகம், 17,500 சீட்டுகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் அரிசோனாவுக்குப் போக ஊர்க்காரர்கள் தயாராக இல்லை, பெரும்பகுதி தேங்கிவிட்டது. ஓக்லஹோமாவிடம் 48-20 என்று உதை வாங்கியதோடு, 15 லட்சம் டாலருக்கு மேல் கைநட்டமும் ஆனது. கல்யாணத்துக்குப் போய் மொய்யும் வைத்து, மண்டப வாடகையும் கொடுத்துவிட்டு, பந்தியில் இடம் கிடைக்காமல் திரும்பியது போல.

இன்னொன்று, பெரிய வீரர்கள் இப்போது பௌலுக்கு வருவதே இல்லை. சில மாதங்களில் தொழில்முறை அணியில் சேர்ந்து கோடிக்கணக்கில் சம்பாதிக்கப் போகிறவன், உருளைக்கிழங்குக்காக முழங்காலை ஒடித்துக்கொள்வானா? 2016இல் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் லெனர்ட் ஃபோர்னெட்டும் விலகியபோது உபதேசம் செய்யாதவர் இல்லை. இன்று அது வாடிக்கை. 2023இல் ஃபுளோரிடா ஸ்டேட் பதின்மூன்று ஆட்டத்தையும் வென்றும் நாக்-அவுட்டுக்கான நாலு அணிப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. ஆறுதலாகக் கிடைத்த ஆரஞ்சு பௌலுக்கு முன்பே வீரர்கள் கும்பலாக விலகிவிட, ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது. இதைப் பார்க்கவா தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது?

வியாசை பயிற்சியாளர் எழுதுகிறார்:

கணக்கர் ஐயாவிடம் ஒரு சந்தேகம். பெரியவர்கள் விலகினால் அந்த இடத்தில் யார் ஆடுகிறார்கள்? ஆண்டு முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன்தானே?

தண்டையார்பேட்டை அக்கா எழுதுகிறார்:

அவனேதான் அண்ணே. அதனால்தான் சின்ன பௌல்களைப் பாருங்கள் என்று யாரிடமும் சொல்வேன். 63-3க்கு கணக்கர் சொல்வது முழுக்கச் சரி. சாம்பியன் ஆகியிருக்க வேண்டிய அணிக்கு ஆறுதல் பரிசு கொடுத்தால் இழவு வீட்டில் பாயசம் பரிமாறியது போலத்தான் இருக்கும். ஆனால் ஆறு தோற்று ஆறு வென்று வந்தவனுக்கு இது ஆறுதல் அல்ல, கிடைக்காமலே போயிருக்க வேண்டிய ஓர் ஆட்டம். அவன் ஆடுகிற விதமே வேறு.

2014 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நடந்த பஹாமாஸ் பௌலைத் தேடிப் பாருங்கள். கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது வெஸ்டர்ன் கென்டக்கி 49, சென்ட்ரல் மிஷிகன் 14. அரங்கத்தில் கூட்டமும் அதிகம் இல்லை, கடற்கரைக்குப் போயிருப்பார்கள். அங்கிருந்து சென்ட்ரல் மிஷிகன் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்து, கடிகாரம் ஓய்ந்துகொண்டிருந்த கடைசி முயற்சியில், 75 கஜ தூரத்தை, நெடிய ஒரு வீச்சும் அதைப் பிடித்தவன் பின்னால் வருகிறவனுக்கு, அவன் அடுத்தவனுக்கு என்று கைமாற்றி ஓடியதுமாகக் கடந்து 48க்கு வந்தார்கள். கோட்டைக் கடந்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு முயற்சி உண்டு. அதில் ஒரு புள்ளிக்கு உதைத்திருந்தால் சமன், கூடுதல் நேரம். அவர்கள் உதைக்கவில்லை; இரண்டு புள்ளிக்கு முயன்றார்கள், கிடைக்கவில்லை, 49-48. உதைத்திருக்க வேண்டுமா என்று என் மகனோடு இன்றும் சண்டை. கோப்பைக்குப் பிரயோசனம் இல்லாத ஆட்டம் என்று தெரிந்துதான் அந்தத் துணிச்சல் வந்தது என்பது என் கட்சி.

திருவொற்றியூர் தேரடி எழுதுகிறார்:

படித்துக்கொண்டே மட்டும் இருந்தேன், இரண்டு பழைய கதைகளைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 1929 ரோஸ் பௌலில் கலிஃபோர்னியாவின் ராய் ரீகல்ஸ் கீழே விழுந்த பந்தை எடுத்தார், திசை மாறித் தன் கோட்டை நோக்கியே அறுபது கஜத்துக்கும் மேல் ஓடினார். சொந்த அணிக்காரரே துரத்திப் போய் எல்லைக்கோட்டுக்கு அருகில் பிடித்து நிறுத்தினார். அதன் தொடர்ச்சியாகப் போன இரண்டு புள்ளிதான் கடைசியில் ஆட்டத்தைத் தீர்மானித்தது. ஜார்ஜியா டெக் 8-7 என்று வென்றது. 1954 காட்டன் பௌலில் ரைஸ் அணியின் டிக்கி மேகல் பந்தோடு தனியாக ஓடிக்கொண்டிருக்க, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அலபாமா வீரர் டாமி லூயிஸ் பொறுக்கமுடியாமல் எழுந்து உள்ளே பாய்ந்து அவரைக் கீழே தள்ளிவிட்டு, மறுபடியும் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நடுவர்கள் முழுப் புள்ளியையும் ரைஸுக்கே கொடுத்தார்கள்.

வியாசை பயிற்சியாளர் எழுதுகிறார்:

இரண்டாவது ஆள் எங்கள் பேட்டைக்காரனாக இருந்திருக்க வேண்டும். சரி, பெஞ்சுப் பையன்களுக்காக ஒன்றிரண்டு பார்க்கிறேன். பெயரை மட்டும் ஏற்கமாட்டேன்.

கல்மண்டபத்தான் எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. மேலாளரிடம் நேற்று இரவு பஹாமாஸ் பௌலைப் பற்றிப் பேச்செடுத்தேன். உதைத்திருக்க வேண்டும் என்றார் அவர், கூடாது என்றேன் நான். அழைப்பு நாற்பது நிமிடம் நீண்டது, ரசீது ஒன்றுகூட நகரவில்லை. அக்கா, நேரக் கணக்கை மட்டும் சொல்லிவிடுங்கள், விடுப்பு எழுதிக்கொடுக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை அக்கா எழுதுகிறார்:

அமெரிக்கக் கிழக்குக் கரையில் நண்பகல் என்றால் நமக்கு அன்றிரவு பத்தரை. மயோனைஸ், பாப்-டார்ட்ஸ் எல்லாம் அந்தக் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் உங்கள் பணி நேரத்துக்குள்ளேயே வந்துவிடும், விடுப்பே வேண்டாம். ரோஸ் பௌலுக்குத்தான் எச்சரிக்கை. பசடேனாவில் பிற்பகல் ஒரு மணி, இரண்டு மணி என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை இரண்டரை, மூன்றரை. எல்லாரும் ஜனவரி 1 என்றே எழுதுவார்கள், நமக்கு அது ஜனவரி 2. முதல் ஆண்டு நான் ஒன்றாம் தேதி மூன்று மணிக்கே எழுந்து, ஃபிளாஸ்க்கில் காப்பியும் கையுமாக உட்கார்ந்தேன். தெருவில் புத்தாண்டுக் கேக் வெட்டிய பிள்ளைகள் இன்னும் வெடி வெடித்துக்கொண்டிருந்தார்கள், காசிமேட்டுக்குப் போகும் மீன் வண்டிகள் ஒவ்வொன்றாகப் போயின, தொலைக்காட்சியில் பந்து வரவே இல்லை. மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டால், அம்மா, இங்கே இன்னும் முந்தைய ஆண்டே முடியவில்லை என்றான்.